மூணு போர்ஷன் பழைய வீடு: வாங்கவும் பழுதுபார்க்கவும் பணத்தை எப்படிப் புரட்டுவது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சென்னை குரோம்பேட்டையில் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை, அதில் 1999இல் கட்டிய வீடு. கீழே முன்பக்கம் ஒரு போர்ஷன், பின்பக்கம் ஒரு போர்ஷன், பிற்பாடு எடுத்த மாடியில் ஒரு போர்ஷன். விலை 84 லட்சம் சொல்கிறார்கள். முன் போர்ஷன் காலி. பின் போர்ஷனில் 11,000 ரூபாய் வாடகைக்கு ஒரு குடும்பம். மாடியில் 8 லட்சம் லீசுக்கு ஒரு குடும்பம். பழுது வேலைக்கு மேஸ்திரி 12 லட்சம் கேட்கிறார். கையிருப்பு 30 லட்சம், கைக்கு வரும் சம்பளம் 1,15,000, கார் லோன் இஎம்ஐ 8,500, அதில் இன்னும் 14 மாதம் பாக்கி. இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு 18,000 வாடகை போகிறது. "மூணு போர்ஷனும் சேர்ந்தா 36,000 வரும், வாடகையே லோனைக் கட்டிடும்" என்கிறார் புரோக்கர். எப்படி ஏற்பாடு செய்வது?

வீட்டுக்கடனுக்காக வங்கிகளுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். இந்த மாதிரி வீடு நிறையப் பார்க்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 84 லட்சத்துக்கு இந்த வீட்டை உங்களால் வாங்கிவிட முடியும், பழுதுபார்க்க முடியாது. பழுதுபார்க்காத மூணு போர்ஷன் வீட்டில் 36,000 வாடகை வராது. ஆகவே விலை, கடன், பழுது மூன்றையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்பணமே கொடுக்க வேண்டும்.

முதலில் வங்கி இந்த வீட்டை எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்கிறேன். விற்பவர் சொல்லும் விலை ஒன்று, என்னைப் போன்றவர் எழுதும் மதிப்பு ஒன்று. இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு 90 சதவீதம், 30இலிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் போனால் 75 சதவீதம். இதுதான் உச்சவரம்பு. உங்கள் கடன் நடுவில் இருக்கும் 80 சதவீதத்தில் விழும். பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது, அதை முழுக்க நீங்கள்தான் போட வேண்டும்.

இப்போது மதிப்பு. உதாரணத்துக்கு அந்தத் தெருவில் மனை சதுர அடி 5,500 என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடிக்கு 66 லட்சம். கீழ்த்தளம் 850 சதுர அடி. இன்றைக்குக் கட்டினால் சதுர அடிக்கு 1,800 என்று எடுத்து, 26 வருடத் தேய்மானத்தைக் கழித்தால் 9 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஆக 75 லட்சம். மாடி எங்கே போனது என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். விற்பவரிடம் இருப்பது தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற பிளான் என்றால், மாடி இருப்பதாக நான் அறிக்கையில் எழுதலாம், மதிப்பு போட முடியாது. குரோம்பேட்டை முன்பு இருந்த பல்லாவரம் நகராட்சிப் பகுதியில் இது சர்வ சாதாரணம். கீழே அப்ரூவலோடு கட்டியிருப்பார்கள். பையனுக்குக் கல்யாணம், கொஞ்சம் வாடகை வந்தால் தேவலை என்று மேலே ஏற்றும்போது நகராட்சி அலுவலகத்தை எட்டியும் பார்த்திருக்க மாட்டார்கள். சொத்துவரி ரசீதில் மாடி இருக்கும், அதைக் காட்டி "எல்லாம் அப்ரூவ்டு" என்பார்கள். வரி ரசீது வேறு, கட்டட அனுமதி வேறு. இப்போது அந்தப் பகுதி தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. பழைய பிளானின் நகலுக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

மாடிக்கும் மதிப்பு போட முடிந்தால் அது எட்டு லட்சத்தைச் சுற்றி வரும். 75உம் 8உம் 83. விற்பவரின் 84 லட்சம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? வங்கி மதிக்காத மாடிக்கு உங்களிடம் முழு விலை கேட்கிறார்.

இனி 84 லட்சத்துக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 75 லட்சத்தில் 80 சதவீதம், கடன் 60 லட்சம். மீதி 24 லட்சம் உங்கள் கையிலிருந்து. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 9. இது விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 84 லட்சத்துக்கு 7,56,000. புரோக்கர் ஒரு சதவீதம் வாங்கினால் 84,000. வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீல், மதிப்பீடு, பத்திர எழுத்தர், பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 33,40,000. கையில் இருப்பது 30. ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்பே 3,40,000 துண்டு விழுகிறது. மேஸ்திரியின் 12 லட்சம் அதற்குப் பிறகு.

இந்த இடத்தில்தான் பலர் பர்சனல் லோனுக்குப் போகிறார்கள். அதன் வட்டி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த இஎம்ஐயையும் சேர்த்துத்தான் வங்கி உங்கள் கடன் தகுதியைக் கணக்கிடும். வீட்டுக்கடன் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு பக்கம் அடைக்க இன்னொரு பக்கம் பிய்யும்.

தகுதி விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று பல வங்கிகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. சிலர் 60 சதவீதம் வரைகூட விடுவார்கள், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். உங்களுக்குப் பாதி என்றால் 57,500. அதில் கார் லோன் 8,500 போக 49,000. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் லட்சத்துக்கு இஎம்ஐ 868 ரூபாய். (இப்போது இதைவிடக் குறைந்த வட்டிக்கும் கடன் கிடைக்கிறது. வட்டி ஏறி இறங்கும் கடனுக்குக் கொஞ்சம் கூட்டி வைத்தே கணக்குப் பார்ப்பது என் வழக்கம்.) 49,000க்கு 56 லட்சம் சொச்சம்தான் கிடைக்கும். கார் லோனில் பாக்கி இருக்கும் 1,15,000 அளவு தொகையைக் கட்டி முடித்துவிட்டால் தகுதி 66 லட்சமாகிறது. ஒரு லட்சத்துச் சொச்சம் கட்டினால் பத்து லட்சம் தகுதி கூடுகிறது. இதைவிட லாபமான செலவு இந்தத் திட்டத்தில் வேறு கிடையாது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே முடித்து, நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறக் கொஞ்ச நாளாகும்.

வாடகையை வருமானமாகக் காட்டலாமா என்றும் சிலர் கேட்பார்கள். ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் வரவு, வருமானவரி ரிட்டர்ன் இவற்றில் தெரியும் வாடகையில் ஒரு பகுதியைச் சில வங்கிகள் எடுத்துக்கொள்ளும். இந்த வீட்டிலோ இன்றைக்கு வருவது பின் போர்ஷனின் 11,000 மட்டும், அதுவும் விற்பவர் கணக்குக்கு. புரோக்கரின் 36,000 எந்தக் காகிதத்திலும் இல்லை.

அடுத்து அந்த லீஸ். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய போர்ஷன் வீட்டில் பணத்தை விழுங்குவது ஓதம் பிடித்த சுவரைவிட இதுதான். மாடிக்காரர் 8 லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கிறார். அந்தப் பணத்தை விற்பவர் எப்போதோ செலவழித்திருப்பார். போக்கியமாக எழுதிப் பதிவு செய்திருந்தால் வில்லங்கச் சான்றில் வரும். பெரும்பாலும் ஒரு பத்திரத் தாளில் தட்டச்சு செய்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு அலமாரியில் இருக்கும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், மாடியில் ஆள் இருப்பார். வீடு கைமாறியதும் அவர் உங்களிடம்தான் பணத்தைக் கேட்பார். ஆகவே விலை பேசும்போது குடியிருக்கும் இரண்டு போர்ஷன்காரர்களின் காகிதத்தையும் நேரில் வாங்கிப் படியுங்கள். விற்பவர் சொல்லும் தொகையும் குடியிருப்பவர் சொல்லும் தொகையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

"லீஸ்காரரை அப்படியே வைத்துக்கொண்டு விலையில் 8 லட்சம் கழித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கையிலிருந்து போவது மிச்சம்" என்று விற்பவர் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போடுங்கள். மாடிக்கு மாதம் 12,000 வாடகை வரும் என்றால் வருடம் 1,44,000. 8 லட்சத்தைக் கையில் வைத்திருப்பதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது அது. வட்டியாகப் பார்த்தால் 18 சதவீதம். வங்கியில் 8.5க்குக் கிடைக்கும் பணத்தை லீஸ் என்ற பெயரில் 18க்கு வாங்குகிறீர்கள். காலி செய்யும்போது முழுத் தொகையையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும் என்பது கூடுதல் தலைவலி. அது தவிர, உங்கள் பங்குப் பணத்தைக் கொடுத்ததற்கு ரசீது இல்லாமல் வங்கி கடனை விடுவிக்காது. அங்கேயும் இந்த "கழித்துக்கொள்ளல்" இடிக்கும்.

சுத்தமான வழி ஒன்று இருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தில் மாடியைக் காலி செய்து தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதுங்கள். நீங்கள் கொடுக்கும் முன்பணத்தில் 8 லட்சத்தை விற்பவர் சார்பாக நேரே லீஸ்காரர் கணக்குக்கு அனுப்புங்கள். விற்பவர், லீஸ்காரர், நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று, சாவி கைக்கு வந்த தேதியோடு. பணமும் சாவியும் ஒரே நாளில் கைமாற வேண்டும். வங்கிக் கடன் ஒப்புதல் வந்த பிறகே இதைச் செய்யுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். காலக்கெடு மூன்று மாதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுக்கு வங்கி வக்கீல் மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். விற்பவருக்கு வீடு அப்பாவழி வந்தது என்றால் அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் வரை போகும்.

பின் போர்ஷன்காரர் இருக்கட்டும். வீடு விற்றதால் அவர் குடியிருப்பு முடிந்துவிடாது. அவருடைய அட்வான்ஸ் விற்பவரிடம் இருக்கும், அதைக் கணக்கில் வரவு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பணம் இல்லை, பழுது வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். பதிவு முடிந்ததும் அவரோடு புது ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் கையில் அதுதான் நிற்கும்.

விலைக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 74 லட்சம் கேட்பேன், லீஸை விற்பவர் அதிலிருந்தே தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. "பத்து லட்சம் குறைக்கிறீர்களே" என்பார். மாடிக்குப் பிளானைக் காட்டுங்கள், மேலே பேசலாம் என்று சொல்லுங்கள். அவர் வேறு ஆளுக்கு விற்கப் போனாலும் அந்த ஆளின் வங்கியும் இதே 75 லட்சத்தைத்தான் எழுதும். முழு ரொக்கம் தரும் ஆள் கிடைத்தால் ஒழிய அவருக்கும் வேறு வழி குறைவு.

இன்னொரு யோசனையும் வரும்: "பத்திரத்தில் 60 போடுங்க, மீதியை ரொக்கமா குடுங்க, ஸ்டாம்ப் செலவு மிச்சம்." 60 லட்சத்துக்கு எழுதினால் கடன் 48 லட்சத்துக்கு இறங்கிவிடும். கடனில் வாங்குபவருக்கு இது ஒத்தே வராது. வருமானவரிச் சட்டமும் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதைத் தடுக்கிறது.

74க்குப் படிந்தால் கணக்கு இப்படி. கடன் 59,20,000. உங்கள் பங்கு 14,80,000. பத்திரச் செலவு 6,66,000. புரோக்கர் 74,000, மற்றவை ஒரு லட்சம். கார் லோனை முடிக்க 1,15,000. எல்லாம் போகக் கையில் 5,65,000 மிஞ்சும். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்து என்பதால் ஒரு சதவீத டிடிஎஸ் (வருமானவரிப் பிடித்தம்), அதாவது 74,000 ரூபாயை, விற்பவருக்குத் தர வேண்டிய தொகையில் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு இல்லை, மறந்தால்தான் செலவு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் விதியே வேறு, பிடித்தமும் மிக அதிகம். அப்படியானால் ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இப்போது பழுது. மேஸ்திரியின் 12 லட்சத்தில் என்னென்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த வகை எஸ்டிமேட்டில் மாடுலர் கிச்சன், புது டைல்ஸ், எலிவேஷன், கேட் எல்லாம் இருக்கும். முதல் வருடம் அவை எதுவும் வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு. ஒரு கம்பியோ கட்டையோ எடுத்துக்கொண்டு சன்ஷேடின் அடிப்பக்கத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீரில் கட்டிய வீடுகளில் இது அதிகம். அதே சத்தம் சீலிங்கில் பல இடத்தில் கேட்டால் அது பழுதுபார்க்கிற வீடில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள், வேண்டுமானால் வீட்டையே விட்டுவிடுங்கள். அடுத்து மொட்டைமாடி. மேலே பதித்த தட்டு ஓடு பெயர்ந்து, அதன் கீழ் சுர்க்கி (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) நனைந்திருந்தால் மேலே வெள்ளை பெயிண்ட் அடிப்பதில் பயனில்லை. பெயர்த்து வாட்டம் சரிசெய்து புதிதாகப் போட வேண்டும். மூன்றாவது தண்ணீரும் கழிவும்: பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா, மூன்று குடும்பத்துக்கு சம்ப் போதுமா. நான்காவது வயரிங். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் ஓடினால் ஸ்லாப் எகிறி யூனிட் விலை ஏறும், மாதாமாதம் சண்டை வேறு. போர்ஷனுக்கு ஒரு மீட்டர் கிடைக்குமா என்று இபி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இந்த அத்தியாவசிய வேலையை நான் ஆறு லட்சத்தில் வைப்பேன். மொட்டைமாடிக்கு 1,50,000. கீழ்த்தளத்தில் வயரிங், குழாய், கழிவறை, சன்ஷேட், சிறு சிறு எதிர்பாராச் செலவு எல்லாம் சேர்த்து 4,50,000. இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. வீடு பழுதுபார்க்க வங்கிகள் தனியாகக் கடன் தருகின்றன, வட்டி வீட்டுக்கடனை ஒட்டியே இருக்கும். ஆனால் இன்ஜினியர் எஸ்டிமேட் வேண்டும், அது அனுமதி பெற்ற பகுதிக்கானதாக இருக்க வேண்டும். பிளான் இல்லாத மாடிக்கும் அதன் மேல்தளத்துக்கும் வங்கிப் பணம் வராது, அது உங்கள் கைக்காசு. கீழ்த்தள வேலையில் 80 சதவீதம், அதாவது 3,60,000 கடன். மீதி 90,000 உங்கள் பங்கு. பணமும் ஒரே தவணையில் வராது. வேலை நடக்க நடக்க, ஆள் வந்து பார்த்துப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆகவே முதல் கட்டத்தை மேஸ்திரிக்கு நீங்கள் கொடுத்துத் தொடங்க வேண்டியிருக்கும்.

முக்கியமானது என்னவென்றால், இந்தக் கடனை வாங்கும் கடனோடு சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். எல்லா வங்கியும் சேர்த்துத் தராது. தரும் வங்கியைத் தேடுவதற்கு நாலு கிளை ஏறி இறங்கினாலும் தகும். "முதலில் வாங்குங்கள், டாப்-அப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று கடன் ஏஜென்ட் சொல்வார். டாப்-அப், அதாவது ஓடும் வீட்டுக்கடன் மேல் தரும் கூடுதல் கடன், பொதுவாகச் சில மாதங்கள், பல இடங்களில் ஒரு வருடம், தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகுதான். அந்த ஒரு வருடம் ஒழுகும் மாடியைக் காலியாக வைத்துக்கொண்டு தவணை கட்டுவீர்கள். டைல்ஸுக்கும் கிச்சனுக்கும் வேண்டுமானால் டாப்-அப் வரை காத்திருக்கலாம், கழிவறைக்குக் காத்திருக்க முடியாது.

மொட்டைமாடிக்கு 1,50,000, பங்குப் பணம் 90,000, இரண்டையும் கழித்தால் கையில் 3,25,000 நிற்கும். அதைத் தொடாதீர்கள். தவணை எவ்வளவு என்று பாருங்கள்: வாங்கும் கடனுக்கு 51,400, பழுதுக்கடனை 9 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு எடுத்தால் 3,650. சேர்த்து 55,000. அந்த 3,25,000 கிட்டத்தட்ட ஆறு மாதத் தவணை. வேலை போனாலும், மாடிக்கு ஆள் வராவிட்டாலும், மோட்டார் எரிந்தாலும் அதிலிருந்துதான் எடுப்பீர்கள். போதாமல் போனால் நகைக்கடன் இருக்கிறது, குறுகிய காலத்துக்கு அதில் தப்பில்லை. பிஎஃப் பணத்தில் வீட்டுக்காக எடுக்க வழியிருக்கிறது. ஆனால் ஓய்வுக்கால சேமிப்பு அது ஒன்றுதான் என்றால் நான் கைவைக்கச் சொல்ல மாட்டேன்.

வாடகை தவணையைக் கட்டிவிடுமா? மூன்றையும் வாடகைக்கு விட்டு முழு 36,000 வந்தாலும் மாதம் 19,000 குறைகிறது. வருடத்தில் ஒரு மாதம் ஏதாவது ஒரு போர்ஷன் காலியாக இருக்கும், சொத்துவரி, செப்டிக் லாரி, ஆள் மாறும்போது வெள்ளை என்று பார்த்தால் கைக்கு நிற்பது 30,000க்கு மேல் போகாது. சென்னையில் வீட்டு விலைக்கு வாடகை வருமானம் குறைவு, கடன் வட்டி அதைப்போல இரு மடங்குக்கும் மேல். வாடகையே கடனைக் கட்டும் என்பது கடன் குறைவாக இருப்பவருக்குத்தான்.

உங்களுக்கு வேறு ஒரு வழி தோதாக இருக்கும். காலியாக இருக்கும் முன் போர்ஷனில் நீங்களே குடியேறுங்கள். இப்போது தரும் 18,000 மிச்சம். பின் போர்ஷன் 11,000, மாடி தயாரானதும் 12,000. சேர்த்து 41,000. தவணைக்கு மேலே போட வேண்டியது 14,000. மாடி தயாராகும் வரை 26,000. அந்தச் சில மாதங்களைச் சம்பளத்தில் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் அங்கேயே இருந்தால் வேலை ஆட்கள் ஒழுங்காக வருவார்கள், கலவையில் சிமென்ட் ஒழுங்காக விழும். மூன்று குடும்பம் ஒரே சம்ப் தண்ணீரில் வாழும் வீட்டுக்குச் சொந்தக்காரர் தூரத்தில் இருந்தால் வாரம் ஒரு பஞ்சாயத்து போனில் வரும்.

வரி விஷயம் சுருக்கமாக. வாடகைக்கு விட்ட பகுதியின் வருமானத்தில் கட்டிய சொத்துவரியும், பிறகு 30 சதவீதமும் கழியும். அந்தப் பகுதிக்கு உரிய கடன் வட்டியும் கழியும். உங்கள் அளவுக் கடனில் வாடகைக்கு வரி வராத நிலைதான் பல வருடம் இருக்கும். பழைய வரிமுறையில் இருந்தால் வாடகை வருமானத்துக்கு மேல் போன வட்டியில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தோடு கழிக்க முடியாது, நீங்கள் குடியிருக்கும் போர்ஷனின் வட்டிக்கும் சலுகை இல்லை. பழுதுக்கடனுக்கு வட்டிக் கழிவு கேட்க வேண்டுமானால் பில்களும் வங்கி வழிப் பணப்பரிமாற்றமும் வேண்டும். மேஸ்திரிக்கு மஞ்சள் பையில் ரொக்கம் கொடுத்துவிட்டு மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் விழிக்க வேண்டாம்.

மனைவிக்கும் சம்பளம் இருந்தால் கடனிலும் பத்திரத்திலும் இருவர் பெயரையும் போடுங்கள். கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாவிட்டால் வட்டிச் சலுகை அவருக்குக் கிடைக்காது.

வட்டி ஒரு சதவீதம் ஏறினால் உங்கள் தவணை 3,800 ரூபாய் அளவுக்கு ஏறும். வங்கி பெரும்பாலும் தவணையை ஏற்றாமல் வருடத்தைக் கூட்டிவிடும், கவனிக்காவிட்டால் 20 வருடக் கடன் 25 வருடமாகும். வங்கியில் எடுங்கள், ரெப்போ வட்டியோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைந்த கடனாக எடுங்கள். தனிநபரின் மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை என்பதால் போனஸ் வரும்போதெல்லாம் அசலில் போட்டுக் குறைக்கலாம். பிளான் குறை இருப்பதால் வங்கிகள் தயங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனம் ஒன்று கூடுதல் வட்டிக்கு மாடியையும் சேர்த்து மதித்து அதிகக் கடன் தர முன்வரலாம். அதை ஏற்றுக்கொண்டு 84 லட்சத்துக்கு வாங்கும் யோசனை வேண்டாம். கடன் கூடுதலாகக் கிடைப்பதால் மாடிக்குப் பிளான் வந்துவிடாது, பின்னாளில் நீங்கள் விற்கும்போதும் இதே கேள்வி உங்களிடம் வரும்.

அடுத்து செய்ய வேண்டியது: தாம்பரம் மாநகராட்சியில் பழைய பிளான் நகலைக் கேளுங்கள், மாடிக்காரரின் லீஸ் காகிதத்தை வாங்கிப் படியுங்கள், அந்த சன்ஷேடைத் தட்டிப் பாருங்கள். மூன்றும் ஆன பிறகு விற்பவரிடம் 74 என்று ஆரம்பியுங்கள். 76 வரை போகலாம். ஆனால் 75ஐத் தாண்டி ஏறும் ஒவ்வொரு லட்சமும் நான் தொட வேண்டாம் என்று சொன்ன அந்த 3,25,000இலிருந்துதான் போகும்.